கேமரா வாங்குமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மலைமேல் இருக்கும் உங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குச் சொத்தைப் பல் என்றும், கீழே இறங்கிப் பல் டாக்டரைப் பார்த்துவர பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். முன்னாள் மாணவர்கள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். பேனா அளவில் வாய்க்குள் நுழையும் கேமரா ஒன்றை வாங்கி, எடுத்த படத்தை நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால் வைத்தியம் நடந்துவிடாதா என்பது உங்கள் யோசனை. “கண்ணுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையில் செய்கிறார்களே, பல்லுக்கு ஏன் முடியாது?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே எண்ணம் வேறு பல ஊர்களிலும் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முடியும். ஆனால் கேமராவை வாங்குமுன் ஆளைத் தேடவேண்டும். அரவிந்த் உதாரணத்தைச் சொன்னதே நீங்கள்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 2004 முதல் அவர்கள் திறந்துவரும் கிராமப் பார்வை மையங்களில் நோயாளி கணினி வழியாக மருத்துவரோடு பேசுவதுதான் பத்திரிகைகளில் படமாக வரும். அந்தக் கணினிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளை. பிளஸ் டூ முடித்தபின் இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர். பார்வையை அளப்பவர், விழியைச் சோதிப்பவர், எதை மருத்துவருக்குக் காட்டவேண்டும் என்று தெரிந்தவர் அவர். அவரை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு வீடியோ அழைப்பு மட்டுமே.

பல்லுக்கு அந்த ஆள் இன்னும் அவசியம். கண்ணில் பாதி வேலை கண்ணாடியோடு முடிந்துவிடும். பல்லில் பார்ப்பதோடு எதுவும் முடிவதில்லை. சொத்தையைச் சுரண்டவேண்டும், அடைக்கவேண்டும், முடியாவிட்டால் பிடுங்கவேண்டும்.

ஆள் இல்லாமல் தொலைபேசியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம் தந்திருக்கிறது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா காரணமாக அங்கே பல் மருத்துவமனைகளில் நேரில் பார்க்கும் வழக்கமான சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஜூன் 8 வரை அதே நிலை. அவசர மையங்கள் சில இயங்கின. மற்றபடி பல் டாக்டர்கள் தொலைபேசியில் மூன்று காரியம்தான் செய்யலாம்: அறிவுரை சொல்லலாம், வலி மாத்திரை எழுதலாம், ஆன்டிபயாடிக் எழுதலாம். பின்னர் கணக்கெடுத்தபோது, ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் டாக்டர்கள் எழுதிய ஆன்டிபயாடிக் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 25 சதவீதம் கூடியிருந்தது. டாக்டர்களைக் குறை சொல்லமுடியாது. கையை நீட்ட முடியாதவர் மாத்திரையைத்தான் நீட்டுவார். ஆனால் பல்லின் உள்சதை வீங்கி வலிக்கும்போது ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. சதை செத்துவிட்ட பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை என்றால் மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? பல்லைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும், அல்லது பிடுங்கவேண்டும். நம் ஊரில் மருந்துக் கடையிலேயே மாத்திரை கிடைத்துவிடும்போது, ஆளில்லாத கேமரா இந்தப் பழக்கத்துக்குத்தான் இன்னொரு வாசல் திறக்கும்.

கேமராவைக் குறைத்துச் சொல்லவில்லை. கடிக்கும் பரப்பில் விழுந்த குழி, முன்பற்களின் சொத்தை, ஈறில் எழும்பிய சீழ்க் கட்டி, கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலம், ஆறாத புண் எல்லாம் நல்ல படத்தில் தெரியும். திறன்பேசியில் எடுத்த படத்தைத் தொலைவிலிருந்து பார்த்துச் சொத்தையைக் கண்டுபிடிப்பதை ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். நேரில் பார்ப்பதோடு ஒப்பிடும்போது துல்லியம் ஏற்கத்தக்கதாகவே இருந்தது. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டும் இடத்தில் தொடங்கும் சொத்தையோ படத்தில் விழாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். தட்டினால் வலிக்கிறதா, குளிர்ச்சி பட்டால் கூசுகிறதா, ஈறு பல்லைவிட்டு எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதெல்லாம் தொட்டால்தான் தெரியும்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்கிறேன்: பல் டாக்டர் வந்து தங்காத ஊரில், தொட்டு வேலை செய்யக்கூடிய ஒருவரை எப்படி உண்டாக்குவது? இதற்கு உலகத்திலேயே கடினமான ஓரிடத்தில் பதில் தேடியிருக்கிறார்கள். அலாஸ்கா.

அலாஸ்காவின் தென்மேற்கில் யூகான், கஸ்கோக்விம் என்ற இரண்டு நதிகள் கடலில் கலக்கும் சமவெளி. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு கிராமங்கள், பெரும்பாலும் யூபிக் பழங்குடி மக்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, மற்ற நேரம் சிறு விமானம். மருத்துவமனை இருப்பது பெத்தெல் என்ற சிற்றூரில். பல் டாக்டர் ஆண்டில் சில நாள் விமானத்தில் வந்து, வரிசையில் நிற்பவர்களுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் போவார். கடைகளில் சோடா பானம் தாராளமாகக் கிடைக்கும். பல கிராமங்களில் ஃப்ளோரைடு கலந்த குழாய்த் தண்ணீர் இல்லை. 2008-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளைப் பார்த்தபோது, நான்கு ஐந்து வயதுக் குழந்தைகளில் 87 சதவீதத்தினருக்குச் சொத்தை இருந்தது.

பழங்குடி மக்களின் சுகாதாரக் கூட்டமைப்பு எடுத்த முடிவு வெளியிலிருந்து டாக்டரை வரவழைப்பது பற்றியதல்ல. உள்ளூர்ப் பிள்ளைகளையே பயிற்றுவிப்பது என்று தீர்மானித்தார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு படிப்பு இல்லாததால் 2003-இல் ஆறு பேரைக் கடல் கடந்து நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

ஏன் நியூசிலாந்து? அதற்குப் பின்னால் நூறாண்டுக் கதை உண்டு. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது அந்த நாட்டு இளைஞர்களின் பற்கள் இருந்த கோலம் அரசை உலுக்கியது. தாமஸ் ஹன்டர் என்ற பல் மருத்துவரின் தலைமையில் 1921-இல் வெலிங்டனில் இளம்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சொத்தையை அடைப்பது, பால் பற்களைப் பிடுங்குவது, துலக்கக் கற்றுக்கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூட வளாகத்திலேயே சின்ன கிளினிக். காலால் மிதித்து ஓட்டும் துரப்பணம். பிள்ளைகள் அந்த இடத்துக்கு “கொலை வீடு” என்று பெயர் வைத்தார்கள் என்பதும் உண்மை. பயந்தார்கள், ஆனால் பல் தப்பியது. இந்த ஏற்பாடு பின்னர் மலேயாவுக்கு வந்து 1949-இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி ஆனது. 1950-களில் நியூசிலாந்தின் உதவியோடு இலங்கையில் மகரகமவில் வேரூன்றியது. இலங்கைப் பள்ளிகளில் படித்த தமிழர்களுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை.

அலாஸ்காவிலிருந்து போனவர்கள் படித்துத் திரும்பி வேலையைத் தொடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. டாக்டர் பட்டம் இல்லாதவர் பல்லைப் பிடுங்குவதா என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமும் அலாஸ்கா சங்கமும் 2006-இல் வழக்குப் போட்டன. 2007-இல் நீதிமன்றம் பழங்குடிக் கூட்டமைப்பின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அலாஸ்காவிலேயே பயிற்சி தொடங்கியது. ஓராண்டு ஆங்கரேஜ் நகரத்தில், ஓராண்டு பெத்தெலில்.

பயிற்சி முறையைக் கவனியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர். அனேகமாக அந்த வட்டாரத்தின் மொழியும் வழக்கமும் தெரிந்தவர். பல் மருத்துவத்தில் உள்ள நூற்றுக்கணக்கான சிகிச்சைகளில் சிலவற்றை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்: சுத்தம் செய்வது, ஃப்ளோரைடு பூசுவது, குழிகளை முன்கூட்டியே மூடுவது, சொத்தையை அடைப்பது, பால் பல்லுக்கு எஃகு உறை போடுவது, சிக்கலில்லாத பல்லைப் பிடுங்குவது. படிப்பு முடிந்ததும் நேரே கிராமத்துக்கு அனுப்புவதில்லை. தன்னை மேற்பார்க்கப்போகும் பல் டாக்டரின் பக்கத்திலேயே குறைந்தது 400 மணி நேரம் வேலை செய்யவேண்டும். இந்த ஆளுக்கு எது தெரியும், எங்கே கை நடுங்கும் என்பது டாக்டருக்குத் தெரிந்தபிறகுதான் அனுமதி. இரண்டாண்டுக்கு ஒருமுறை கைத்திறனை மறுபடி சோதித்துச் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும்.

கேமரா உள்ளே வருவது இதற்குப் பிறகு. கிராமத்திலிருந்து எக்ஸ்ரேயும் படமும் பெத்தெலுக்குப் போகின்றன. டாக்டர் பார்த்து, இதை நீயே அடை, அதைத் தொடாதே, இவரை அடுத்த விமானத்தில் அனுப்பு என்று சொல்கிறார். நானூறு மணி நேரம் பக்கத்தில் நின்று பழகிய இருவர் என்பதால் அந்த உரையாடல் அரை நிமிடத்தில் முடியும். முகமே தெரியாத இருவர் நடுவே எவ்வளவு விலையுயர்ந்த கேமராவை வைத்தாலும் அந்த நம்பிக்கை வராது.

பலன் என்ன என்பீர்கள். 2008-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு, டாக்டர்களும் இப்படிப் பயிற்சி பெற்றவர்களும் செய்த சிகிச்சைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டது; சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2010-இல் ஆர்.டி.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் ஐந்து பேரின் வேலையை நேரில் பார்த்து, தங்கள் எல்லைக்குள் திறமையாகவே செய்கிறார்கள் என்றது. பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2006 முதல் 2015 வரையிலான விவரங்களை எடுத்து, இவர்கள் அதிக நாள் வேலை செய்த கிராமங்களை இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். அதிக நாள் இருந்த இடங்களில் குழந்தைகளின் முன்பற்களைப் பிடுங்குவதும், மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்யவேண்டிய நிலையும் குறைவு. பெரியவர்களுக்கும் பல் பிடுங்குவது குறைந்து தடுப்புச் சிகிச்சை கூடியிருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த சோதனை அல்ல. ஆள் தங்கிய கிராமங்கள் வேறு வகையிலும் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வெவ்வேறு ஆய்வுகளும் ஒரே பக்கம் கைகாட்டும்போது அலட்சியம் செய்ய முடியாது. 2009-இல் மினசோட்டா மாநிலம் இந்தப் பணிக்குத் தனிச் சட்டமே இயற்றியது.

கலிபோர்னியாவில் பால் கிளாஸ்மன் என்ற பேராசிரியர் இதையே வேறு விதமாகச் செய்தார். பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் பல் சுகாதாரப் பணியாளர் பெட்டியோடு போவார்; எக்ஸ்ரே, படம், விவரம் எல்லாம் எடுத்து ஏற்றிவிடுவார். டாக்டர் தன் நேரத்தில் திறந்து பார்த்துத் திட்டம் எழுதுவார். தற்காலிகமாக அடைக்கலாம் என்று அவர் சொன்ன பல்லைப் பணியாளரே அடைத்துவிடுவார். நேரலை வீடியோ தேவையே இல்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேரை அங்கேயே வைத்துப் பராமரிக்க முடிந்தது. மீதிப் பேர்தான் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. 2014-இல் அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தரச் சட்டம் வந்தது. பணம் வந்தபிறகுதான் திட்டம் நிலைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் இப்போது சாத்தியமாவதற்கு இன்னொரு காரணம், சொத்தையைச் சமாளிக்கும் முறைகளே எளிமையாகிவிட்டன. 1980-களின் நடுவில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத இடங்களில் வேலை செய்த ஜோ ஃபிரென்கென் என்ற டச்சுப் பல் மருத்துவர், துரப்பணம் இல்லாமல் கைக்கருவியாலேயே மென்மையான சொத்தையைச் சுரண்டி, பல்லோடு ஒட்டி ஃப்ளோரைடு கசியும் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைத்துப் பார்த்தார். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை ஆதரித்தது. ஒரு பரப்பில் மட்டும் இருக்கும் குழிக்கு நன்றாக நிற்கும்; பக்கவாட்டுக்கும் பரவிய குழிக்கு அவ்வளவு உறுதி இல்லை. அடுத்தது வெள்ளி டைஅமைன் ஃப்ளோரைடு. ஜப்பானில் அரை நூற்றாண்டாக உள்ள திரவம். சொத்தையில் ஒரு சொட்டு தடவினால் பெரும்பாலும் அது பரவுவது நிற்கிறது. சொத்தை கன்னங்கரேல் என்று கறுத்துவிடும் என்பதுதான் குறை. பெற்றோரிடம் முன்பே சொல்லாமல் தடவினால் சண்டை நிச்சயம். நியூயார்க் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில் இந்தத் திரவம் குழிகளை முன்கூட்டியே மூடும் வழக்கமான முறைக்கு ஈடாகச் சொத்தையைத் தடுத்தது. 2024-இல் வெளிவந்த தொடர் ஆய்வில், பல் பணியாளர் தடவினாலும் பள்ளி நர்ஸ் தடவினாலும் பலன் ஒன்றாகவே இருந்தது. மேற்சொன்ன சிமெண்டும் இந்தத் திரவமும் 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

இந்த இடத்தில் என் சக டாக்டர்கள் குறுக்கிடுவார்கள். ஏழைக்கு அரைகுறை வைத்தியமா, பணக்காரருக்கு மட்டும் டாக்டரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பிடவேண்டியது எதோடு? உங்கள் மலைப் பிள்ளைக்கு இன்று கிடைப்பது டாக்டரின் வைத்தியம் அல்ல; கிராம்பும் வலி மாத்திரையும். ஆண்டுக்கொரு முகாமில் நாங்கள் வந்து வாயைப் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அந்தச் சீட்டோடு கீழே இறங்கி வருபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவில் முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருந்தும் நிலைமை இதுதான். படித்து முடிக்கும் டாக்டர் கிளினிக் போடுவது நகரத்தில்; கடன் வாங்கி நாற்காலி போட்டவர் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் உட்காரமுடியும். எல்லை வகுத்து, மேற்பார்வை வைத்து, தகுதியைச் சோதித்து ஒருவரை உருவாக்குவது அரைகுறை வைத்தியம் ஆகாது. இவை எதுவுமில்லாமல் சந்தையில் உட்கார்ந்து செயற்கைப் பல் கட்டுகிறவர்தான் அரைகுறை.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரியே இல்லை என்று நினைக்கவேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், 13 பஞ்சாயத்துகளைப் பிரித்து, மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. வாயைப் பார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை. எதைப் பார்க்கவேண்டும் என்ற பயிற்சியும், பார்த்ததைச் சொல்ல ஒரு டாக்டரும் இருந்தால் உயிரே தப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் சட்டத்தில் சொத்தையை அடைப்பதும் பிடுங்குவதும் பதிவு பெற்ற பல் டாக்டரின் வேலை. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் சுகாதாரப் பணியாளர் என்ற பிரிவை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கிளினிக்குகளிலேயே நின்றுவிட்டார்கள். பள்ளிச் சிகிச்சையாளர் என்ற பதவி இங்கே பிறக்கவே இல்லை. 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய ஆணையம் இந்த வாசலைத் திறக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. அது ஒரு தலைமை ஆசிரியரால் ஆகிற காரியம் அல்ல. பல் மருத்துவர்களான நாங்கள்தான் எங்கள் சங்கங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டும்.

உங்களால் ஆகக்கூடியவை இவை. முதலில், கல்லூரி முதல்வரிடம் போய் ஆண்டு முகாம் வேண்டாம், மாதம் ஒரு நாள் வேண்டும் என்று கேளுங்கள். பயிற்சி டாக்டர்களுக்குச் சமுதாயப் பணி கட்டாயம். அதை உங்கள் பள்ளிக்கு ஒதுக்கித் தரமுடியும். வருபவர் மாறலாம், மேற்பார்வை செய்யும் ஆசிரியர் மாறக்கூடாது. இரண்டாவது, பள்ளியில் ஒரு ஆசிரியையோ கிராம சுகாதார நர்ஸோ இரண்டு வாரம் கல்லூரிக்கு வந்து வாயைப் பார்க்கப் பழகட்டும். அவர் எடுத்து அனுப்பும் படத்துக்குத்தான் மதிப்பு; அதற்குச் செல்போனும் டார்ச்சும் போதும். மூன்றாவது, படம் போனால் யார் திறந்து பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும், கீழே அனுப்பவேண்டிய பிள்ளைக்குப் பேருந்துச் செலவு எங்கிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். நான்காவது, ஊர்த் தண்ணீரை ஃப்ளோரைடுக்குச் சோதியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல இயற்கையிலேயே அதிகம் இருந்தால் பல் டாக்டரிடம் கேட்டுத்தான் எதையும் கொடுக்கவேண்டும்; இல்லையென்றால் ஃப்ளோரைடு பற்பசை, பட்டாணி அளவு, காலையும் இரவும். பள்ளி வாசல் கடையில் விற்கும் மிட்டாயைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாள் மாணவர்களின் பணத்தை அந்தப் பேருந்துச் செலவுக்கும், சிமெண்ட் வாங்கவும், ஆசிரியையின் இரண்டு வாரப் பயிற்சிக்கும் வையுங்கள். மாதம் ஒரு டாக்டர் தவறாமல் வரத் தொடங்கி ஓராண்டு ஆனபிறகும் கேமரா தேவை என்று அந்த ஆசிரியையே கேட்டால் அப்போது வாங்கலாம். அதற்குமுன் வாங்கினால் அது உங்கள் பீரோவில்தான் இருக்கும்.

அன்புடன்,
சமுதாயப் பல் மருத்துவம் கற்பிக்கும் ஒரு டாக்டர்